பின்சைட் வாங்க முன்னம் இரண்டு அட்டை பாருங்கள்

கேள்வி: மகள் கொழும்பில் படிக்கிறாள். பல்கலைக்கழக அணியில் 10 மீற்றர் எயார் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) சுடுகிறாள், வலது கைக்காரி. லீவில் கிளிநொச்சிக்கு வந்தபோது இலக்கு அட்டைகளைக் காட்டினாள். சில துளைகள் நடுவில், மிச்சம் இடப்பக்கம் கீழே வால் மாதிரி நீண்டு கிடக்கின்றன. துப்பாக்கியில் குறிபார்க்கிற சைட் பிழை என்கிறாள். தெரிந்த ஒருவர் பாவித்த பின்சைட்டும் மரப்பிடியும் விற்கிறாராம். காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கிறது. வாங்கிக் கொடுக்கவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த வால்தான் எனக்கு இடிக்கிறது. சைட் பிழை என்றால் குண்டெல்லாம் நெருக்கமாக ஒரே இடத்தில் விழும், அந்த இடம் மட்டும் நடுவை விட்டுத் தள்ளி நிற்கும். நடுவில் தொடங்கி இடது கீழே சிதறுகிறதென்றால் பெரும்பாலும் விரலில்தான் பிழை. வெடிக்கப் போகிற நொடியில் விசையைச் சடாரென்று இழுப்பது, கூடவே முழுக் கையும் இறுகுவது. வலது கைக்காரருக்கு அப்போது குழல்வாய் இடது கீழே சாயும்.

சாய்வு சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். குழல் நுனியில் இருக்கிற முன்சைட்டுக்கும் கண் பக்கம் இருக்கிற பின்சைட்டுக்கும் இடையில் 33 சென்ரிமீற்றர் என்று வைத்தால், முன்சைட் 1 மில்லிமீற்றர் விலகினாலே 10 மீற்றரில் குண்டு 3 சென்ரிமீற்றர் விலகும். பத்துப் புள்ளி எடுக்க வேண்டியது ஏழாகிவிடும். பத்தின் வட்டமே 11.5 மில்லிமீற்றர்தான், நம் சட்டைப் பொத்தான் அளவு.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. அதே துப்பாக்கி, அதே குண்டு. மகள் ஓர் அட்டையில் பத்துக் குண்டு சுடட்டும், பயிற்சியாளரோ கைதேர்ந்த இன்னொருவரோ வேறு அட்டையில் பத்து. இரண்டு பேரின் குண்டும் ஒரே பக்கம் நெருங்கி விழுந்தால் சைட்டைத் திருப்பலாம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின்சைட்டையும் அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும்: வலப்பக்கம் போக வலம், மேலே போக மேல். ஒரு குண்டு விலகியதும் ஒரு திருகல் என்று போனால் முடிவே வராது. குறைந்தது ஐந்து குண்டு சுட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள். அதற்கும் புதுச் சைட் வேண்டாம், இருப்பதில் உள்ள திருகாணியே போதும்.

மற்றவரின் குண்டுகள் நடுவில் விழுந்து மகளுடையவை மட்டும் விலகினால், குண்டில்லாமல் பழக வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, கண்ணை முன்சைட்டிலேயே வைத்து, விரலின் முதல் கணுச் சதையால் விசையை நேரே பின்னால் மெல்ல அழுத்துவது. விசை விழும்போது முன்சைட் துள்ளாமல் நின்றால் சரி. இன்றைய போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் இதற்கென்றே தனி வசதி உண்டு. பழைய ஸ்பிரிங் வகை என்றால் குண்டில்லாமல் இழுக்கவே கூடாது, உள்ளே பிஸ்டன் அடிபடும்.

லீவில் வீட்டில் துப்பாக்கி இல்லையே என்பீர்கள். வேண்டவும் வேண்டாம். அந்தச் சாமானைக் கண்டாலே அடிவயிறு கலங்குகிற ஆட்கள் நம் ஒழுங்கைகளில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்து நிற்கட்டும். போட்டித் துப்பாக்கியும் கிட்டத்தட்ட அந்தப் பாரம்தான்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் குண்டில் போடுங்கள். 4.5 மில்லிமீற்றர் என்று போட்டிருந்தாலும் 4.49, 4.50 என்று தலை அளவு மாறும், ஒரு துப்பாக்கிக்கு ஒன்றுதான் ஒத்துவரும். இரண்டு மூன்று வகையைச் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுவதை ஒரே தொகுதி எண்ணில் சேர்த்து வாங்கினால் நல்லது.

அந்த மரப்பிடி? இன்னொருவர் தன் கைக்கு அராவி வைத்திருப்பார், அது மாடலுக்கு மாடலும் வேறு. மகள் அதைத் தன் துப்பாக்கியில் பூட்டிப் பிடித்துப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.