ஹேங்கர் கதவைத் தாண்டி

கேள்வி: 2005-இல் அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் விமான மெக்கானிக்குகளின் வேலைநிறுத்தம் ஏன் தோற்றது? பராமரிப்பை வெளியாருக்குக் கொடுத்தால் செலவு குறையும்தானே, அதில் என்ன தவறு?
- விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர், தாம்பரம்

பதில்: தம்பி, இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1996 மே 11. அமெரிக்காவின் மயாமியிலிருந்து கிளம்பிய வேலூஜெட் 592 விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 110 பேரும் செத்தார்கள். வெளி ஒப்பந்த ஷெட்டில் கழற்றிய பழைய ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் (பயணிகளின் முகமூடிக்கு ஆக்சிஜன் தரும் கருவிகள்) விமானத்தின் சரக்கறையில் தீப்பிடித்தன. தற்செயலாக இயங்கிச் சூடாகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் சிறு பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை, மாட்டியதாக வேலைச் சீட்டில் கையெழுத்து மட்டும் விழுந்தது. அங்கே வேலை செய்தவர்களும் நம்மைப் போன்ற மெக்கானிக்குகள்தான். ஆனால் பெரும்பாலோர் தற்காலிக ஆட்கள். 'மூடி வரும்வரை கையெழுத்துப் போடமாட்டேன்' என்று சொல்ல, பின்னால் ஒரு சங்கம் இருக்க வேண்டும் தம்பி.

நார்த்வெஸ்டில் நிர்வாகம் கேட்டது கால்பங்கு சம்பள வெட்டு. கூடவே ஏறக்குறைய பாதிப் பேரின் வேலை. ஆகஸ்ட் 20-இல் அம்ஃபா என்ற மெக்கானிக்குகள் சங்கத்தார் சுமார் 4,400 பேர் வெளியே வந்தார்கள். மாற்று ஆட்களை கம்பெனி மாதக்கணக்கில் முன்பே தயார் செய்திருந்தது. அதையாவது தாக்குப்பிடித்திருக்கலாம். ஆனால் பைலட்டுகள் விமானத்தை எடுத்தார்கள், மூட்டை ஏற்றுகிறவர்கள் மறியலைத் தாண்டி உள்ளே போனார்கள். மூட்டை ஏற்றுகிறவர்கள் பக்கமும் ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே சங்கமாக இருந்த ஐ.ஏ.எம்.மிலிருந்து, எங்கள் தொழில் தனி என்று மெக்கானிக்குகள் பிரிந்து போயிருந்தார்கள்.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். மீனம்பாக்கத்தில் ஒரு நைட் ஷிப்டில் கருவிப் பலகையில் ஒரு 7/16 சாக்கெட்டின் (போல்ட் கழற்றும் கருவி) இடம் காலியாக இருந்தது. விமானத்துக்குள் எங்காவது கிடக்கலாம் என்பதால், அது கிடைக்காமல் விமானம் நகராது. யார் தொலைத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. துடைக்க வந்த ஆள் உட்பட எல்லோரும் டார்ச்சோடு தரையில் படுத்துத் தேடினோம். விடியற்காலை நாலு மணிக்குச் சக்கரக் குழிக்குள் கண்டெடுத்தவர் அந்தத் துடைக்கும் அண்ணன்தான். அந்த நெருக்கம் நார்த்வெஸ்டில் ஹேங்கர் என்ற பராமரிப்புக் கொட்டகையின் கதவைத் தாண்டவில்லை.

செப்டம்பர் 14-இல் கம்பெனி திவால் மனு போட்டது. அதன்பின் பைலட், பணிப்பெண், மூட்டை ஏற்றுகிறவர் எல்லோர் சம்பளமும் வெட்டுப்பட்டது. 2006 நவம்பரில் வேலைநிறுத்தம் முடிந்தது. வெளியே நின்றவர்களில் மிகப் பலர் அந்த ஹேங்கருக்குத் திரும்பவே இல்லை.