கல்யாண நகை: ‘பொறுப்பான தங்கம்’ என்றால் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். 22 சவரன் நகை எடுக்கிறோம். தங்கச் சுரங்கங்களால் ஆறுகளில் பாதரசம் கலக்கிறது, பிள்ளைகள் குழிக்குள் வேலை செய்கிறார்கள் என்றெல்லாம் படித்துவிட்டு ‘அந்தத் தங்கம் எனக்கு வேண்டாம்’ என்கிறாள் மகள். நாங்கள் போன கடையில் ‘பொறுப்பான சுரங்கத் தங்கம்’ என்று தனி வரிசையே வைத்திருக்கிறார்கள். சான்றிதழும் தருகிறார்கள். சவரனுக்கு 3,000 ரூபாய் கூடுதல். நம்பி வாங்கலாமா? வீட்டில் என் அம்மாவின் பழைய நகையும் கொஞ்சம் இருக்கிறது. — ஒரு தாய், ஈரோடு

பதில்: அந்த 3,000 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் நிலையில் பெரும்பாலான நகைக்கடைகள் இல்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கே தெரியாது என்பதுதான் விஷயம்.

தங்கம் சுத்திகரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பெருவிலிருந்தும் கானாவிலிருந்தும் சுத்திகரிக்காத கட்டியாக வந்த தங்கம், யாரோ விற்ற பழைய சங்கிலி, அடகுக் கடையில் மூழ்கிப்போன வளையல், வெளிநாட்டு பிஸ்கட் எல்லாம் ஒரே உலைக்குள் போகிறது. பால் சொசைட்டி கேனில் ஊற்றிய பிறகு எந்த மாட்டுப் பால் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? உருகிய தங்கமும் அப்படித்தான். அதன் பிறகு ஊரைச் சொல்ல வேண்டியது காகிதம் மட்டுமே. அந்தக் காகிதம் சுத்திகரிப்பு ஆலையோடு நின்றுவிடுகிறது. கடைக்காரர் கைக்கு வருவது பெரும்பாலும் புல்லியன் (கட்டித் தங்க) வியாபாரி கொடுத்த பில்தான்.

உங்களிடம் காட்டிய சான்றிதழை இன்னொரு முறை வாங்கிப் பாருங்கள். யார் பெயருக்கு, எதற்காகக் கொடுத்தது என்று படியுங்கள். நகைத் தொழில் நிறுவனங்களுக்குச் சான்று வழங்கும் சர்வதேச அமைப்புகள் உண்டு. அவற்றில் பொதுவாகக் கிடைப்பது அந்த நிறுவனம் ஒழுங்காகத் தொழில் செய்கிறது என்ற சான்று. உங்கள் கையில் இருக்கும் ஆரம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று அது சொல்வதில்லை. இரண்டையும் குழப்பி விற்பவர்கள்தான் அதிகம். இதில் ஒரு புதுத் தரகர் கூட்டமும் முளைத்திருக்கிறது. கடைக்கு லோகோ, ஃபிரேம் போட்ட சான்றிதழ், மேசையில் வைக்க ஒரு சின்னப் பலகை என்று மொத்தமாக விற்கிறார்கள். அதை வாங்கியவர் அந்தச் செலவை உங்கள் செய்கூலியில் ஏற்றுகிறார்.

கூடுதல் விலை நியாயமா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. பெருவில் சிறு சுரங்கத் தொழிலாளர் சங்கங்களிடமிருந்து வரும் ‘ஃபேர்டிரேட்’ தங்கத்துக்கு, விலைக்கு மேல் கிலோவுக்கு 2,000 டாலர் அந்தத் தொழிலாளர்களுக்கே போகும் என்று விதி. அப்படியானால் 8 கிராம் சவரனுக்கு அதிகபட்சம் 16 டாலர். உங்களிடம் கேட்கும் 3,000 ரூபாயில் அது ஏறக்குறைய பாதிதான். ‘மீதி எங்கே போகிறது, முதல் பாதியாவது சுரங்கத்துக்குப் போகிறதா?’ என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

ஹால்மார்க் இருக்கிறதே என்பீர்கள். ஹால்மார்க் சொல்வது தூய்மையை மட்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நகையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22கே916 (22 காரட், அதாவது 91.6 சதவீதத் தூய்மை) என்ற தர அடையாளம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி என்ற தனி அடையாள எண் ஆகியவை இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் எந்தக் கடை, எந்த மையத்தில் சோதித்தது, என்ன வகை நகை என்று வரும். எந்த நாடு, எந்தச் சுரங்கம் என்று வராது. இதுதான் எனக்கு எரிச்சல். ஒவ்வொரு நகைக்கும் தனி எண் கொடுக்கும் அளவுக்கு முன்னேறிவிட்டோம். அதே எண்ணோடு சுத்திகரிப்பு ஆலையின் பெயரையும் சேர்ப்பது பெரிய வேலையா? ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் அளவுக்கு மேல் தங்கம் இறக்குமதி செய்பவர், மோதல் நடக்கும் பகுதியிலிருந்து வந்ததா என்று விசாரித்துத்தான் ஆக வேண்டும் என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. ஆண்டுக்கு 700 டன் அளவுக்குத் தங்கம் இறக்குமதி செய்யும் நம் நாட்டில் ஒரு கடைக்காரர் இதை வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும் என்ற விதி கிடையாது.

மகள் படித்த பாதரச விஷயம் உண்மை. சிறு சுரங்கங்களில் தாதுப் பொடியோடு பாதரசத்தைக் கலந்து, தங்கத்தோடு ஒட்டியதைத் தீயில் சுடுகிறார்கள். புகையைச் சுடுபவரும் பக்கத்தில் இருக்கும் குழந்தையும் சுவாசிக்கிறார்கள். மிச்சம் ஆற்றில் இறங்கி மீனுக்குள் போகிறது. உலகில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வேலையால்தான். 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இதைக் குறைக்கச் சொல்கிறது. பெருவின் மாத்ரே தே தியோஸ் காட்டுப் பகுதியையும் கானாவின் பிரா ஆற்றையும் பார்த்தால் அது பெரிதாகக் குறையவில்லை என்று தெரியும்.

பெரிய கம்பெனிச் சுரங்கம் என்றால் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே பாதரசத்துக்குப் பதில் சயனைடு. கழிவைத் தேக்கும் அணை உறுதியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் அப்படியொரு அணை உடைந்து, சயனைடு நீர் திஸா ஆறு வழியாக டான்யூப் வரை போனது. மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வட ஆற்காட்டுக்காரர்களும் தர்மபுரிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை செய்த கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. கழிவு மண்மேடுகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. காற்றடி காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. உங்களிடம் யாராவது ‘பில் இல்லாமல் எடுத்தால் ஜிஎஸ்டி மிச்சம்’ என்பார்கள். கல்யாணக் கூட்டத்தில் ஒரு மாமாவோ தெரிந்த தரகரோ கட்டாயம் சொல்வார். மிச்சமாவது 3 சதவீதம். 22 சவரனுக்கு அது நல்ல தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் பில் இல்லாத தங்கம் கணக்கில் வராத தங்கம். அதில் பெரும் பகுதி ‘குருவி’கள் (கூலிக்குக் கடத்துபவர்கள்) உடம்பில் கட்டியோ, வயிற்றில் விழுங்கியோ, பசையாக்கியோ கொண்டுவந்தது. எங்கிருந்து வருகிறது? ஆப்பிரிக்காவில் கணக்கில் வராமல் தோண்டியெடுக்கும் தங்கத்தின் பெரும் பங்கு வளைகுடாச் சந்தைக்குப் போகிறது. 2023 ஏப்ரலில் சூடானில் தொடங்கிய போரில் இரண்டு தரப்புக்கும் தங்கம்தான் பணப்பை. ஆக, மகள் எந்தத் தங்கம் வேண்டாம் என்கிறாளோ, அது உங்கள் வீட்டுக்கு வர மிகச் சுலபமான வழி பில் இல்லாத வியாபாரம். 2024 ஜூலையில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தபோது கடத்தல் படுத்துவிடும் என்றார்கள். லாபம் குறைந்தது, குருவிகள் நிற்கவில்லை. துண்டுச் சீட்டில் எடை எழுதித் தருகிற கடையில், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், உட்காராதீர்கள்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது?

உங்கள் அம்மாவின் பழைய நகைதான் நல்ல வழி. அதற்காகப் புதிதாக எந்த மண்ணையும் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் கடையில் ‘எக்ஸ்சேஞ்ச்’ போட்டால், உங்கள் தங்கம் உருக்கப் போகும், உங்களுக்குக் கிடைப்பது வேறு தங்கம். அம்மாவின் தங்கமே மகள் கழுத்தில் ஏற வேண்டும் என்றால், சொந்தத் தங்கத்துக்குக் கூலி வாங்கிச் செய்துதரும் பதிவு பெற்ற நகைக்கடையிடமோ பத்தரிடமோ போங்கள். உருக்குவதற்கு முன்பும் பின்பும் உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். காரட் மீட்டரில் தூய்மையையும் பாருங்கள். பழைய நகையில் பற்று (ஒட்டவைக்கும் கலப்பு உலோகம்) அதிகம். 22 காரட் என்று வாங்கியது 20, 21 என்று காட்டினால் பத்தரைச் சந்தேகப்பட வேண்டாம். 916 வர கொஞ்சம் சொக்கத்தங்கம் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கு வரிசை எண்ணோடு, எல்பிஎம்ஏ என்ற லண்டன் தங்கச் சந்தை அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள ஆலையின் தங்கக் காசாக வாங்குங்கள். இந்தியாவில் அந்தப் பட்டியலில் இருப்பது எம்எம்டிசி-பாம்ப் ஒன்றுதான். (எனக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை.) அந்தப் பட்டியலில் இருக்க, தங்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆண்டுதோறும் வெளித்தணிக்கை உண்டு. அதிலும் ஓட்டை இருக்கிறது: ‘பழைய நகை உருக்கியது’ என்ற பெயரில் வருவதை முழுதாகத் துழாவுவது கஷ்டம். இருந்தாலும் இன்று ஒரு குடும்பம் எட்டக்கூடிய தூரத்தில் இதைவிட நல்ல காகிதம் இல்லை.

மீதி நகையைக் கடையிலேயே எடுப்பதானால் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இதற்கு எந்த ஆலையின் கட்டி வாங்கினீர்கள்? பில்லில் எழுதித் தருவீர்களா?’ எழுதிக் கொடுத்தால் அந்தக் கடைதான்.

கடைசியாக ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் தாலியும் வாங்கப் போகிறீர்கள். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. தாலியில் சேர்க்கும் குண்டு, மணி, காசு, சின்ன உருக்கள் பெரும்பாலும் தனித்தனியாக 2 கிராமுக்குக் கீழேதான். மொத்தம் ஒரு சவரன் வந்தாலும் ஒன்றில்கூட முத்திரை இருக்காது. சட்டப்படி அது சரி. ஆனால் தரம் குறைந்ததும் கணக்கில் வராததும் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் இல்லை. அவசரமும் சடங்கும் சேர்ந்த நேரத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும். முடிந்தால் தாலி உருவையாவது 2 கிராமுக்கு மேல் எடுத்து முத்திரையோடு வாங்குங்கள். மற்றதை காரட் மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு உருவின் எடையையும் தூய்மையையும் பில்லில் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். ‘எல்லாத்தையும் மொத்தமாப் போட்டுக்கலாம்மா’ என்றால், முகூர்த்த நேரம் என்று பார்க்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.