யூசிஎல்ஏ மாதிரி பெரிய யூனிவர்சிட்டில அப்ளிகேஷனை எப்படிப் பார்த்து எடுக்கறாங்க?

கேள்வி: சார், நாங்க கலிஃபோர்னியால இருக்கோம், பொண்ணு 11-ஆவது படிக்கறா. போன வருஷம் அவ ஸ்கூல்லயே நல்ல ஜிபிஏ (கிரேடோட சராசரி) வெச்சிருந்த பையனுக்கு யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) கிடைக்கல, அவனை விடக் கம்மியா இருந்த ஒரு பொண்ணுக்குக் கிடைச்சுது. இவ்ளோ அப்ளிகேஷனையும் கம்ப்யூட்டர்தான் வடிகட்டுதா? நாங்க எதுல கவனம் வைக்கணும்?

பதில்: முதல்ல இந்த கட்-ஆஃப் நினைப்பை விட்டுடுங்க மேடம், நம்ம பேரன்ட்ஸ் நிறைய பேர் மாட்டிக்கறதே இங்கதான். யூசிஎல்ஏக்கு வருஷத்துக்கு 1,40,000-க்கு மேல ஃப்ரெஷ்மன் (முதல் வருஷம் சேர்றதுக்கான) அப்ளிகேஷன் வருது, நூத்துக்கு சுமார் 9 பேருக்குத்தான் இடம், அதுல ஜிபிஏ 4-ஐத் தாண்டினவங்களே (எல்லாத்துலயும் ஏ வாங்கினா 4, கஷ்டமான கோர்ஸுக்கு எக்ஸ்ட்ரா பாயின்ட் சேர்ந்தா அதுக்கு மேல) இருக்கற சீட்டை விட ரொம்ப அதிகம், அப்போ மார்க்கை மட்டும் வெச்சு வரிசை கட்டினா யாரையும் பிரிச்சே எடுக்க முடியாது.

கம்ப்யூட்டரோட வேலை அடிப்படைத் தகுதியோட சரி. ஏ-ஜி-னு சொல்ற, ஸ்கூல்ல கட்டாயம் படிச்சிருக்க வேண்டிய பாடங்கள்ல 15 கோர்ஸ், அதுல 11 கோர்ஸ் 12-ஆவது ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும், கலிஃபோர்னியா பசங்கன்னா ஜிபிஏ குறைஞ்சது 3.0. அதுக்கப்புறம் மனுஷங்கதான் படிக்கறாங்க. இதுக்குன்னே ட்ரெய்னிங் எடுத்த ரீடருங்க, பொதுவா ஒரே அப்ளிகேஷனை ரெண்டு பேர் தனித்தனியாப் படிச்சு மதிப்பீடு போடுவாங்க, ரெண்டும் ரொம்ப விலகியிருந்தா இன்னொருத்தர் பார்ப்பாங்க.

நீங்க கேட்ட விஷயத்துக்கு பதில் அந்த ரீடர் முன்னாடி என்ன இருக்குங்கறதுலதான் இருக்கு. உங்க பொண்ணோட கிரேடு மட்டும் தனியா இருக்காது, அந்த ஸ்கூல்ல ஏபி, ஹானர்ஸ்னு சொல்ற கஷ்டமான கோர்ஸ் எத்தனை இருக்கு, அங்கேருந்து அப்ளை பண்ற மத்த பசங்க என்ன எடுத்திருக்காங்க, இதெல்லாம் கூடவே தெரியும். இருக்கற வாய்ப்புல இவ எவ்ளோ தூரம் போயிருக்கா, கஷ்டமான மேத்ஸை எடுத்தாளா இல்ல ஜிபிஏ குறையும்னு சுலபமானதுல நின்னுட்டாளா, இதைத்தான் பார்க்கறாங்க. யூசி சிஸ்டம்ல, அதாவது யூசிஎல்ஏ உட்பட கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியோட எல்லா கேம்பஸுக்கும் சேர்த்து, இப்படி 13 அம்சங்கள் வெச்சிருக்காங்க, எதுக்கு இத்தனை பாயின்ட்னு கணக்கு கிடையாது. இன்னொண்ணு, ஸ்கூல் கொடுக்கற ஜிபிஏவை அவங்க அப்படியே எடுத்துக்கறதும் இல்ல, 10, 11-ஆவது ஏ-ஜி கோர்ஸை மட்டும் வெச்சு திரும்பக் கணக்குப் போடுவாங்க, ஏபி ஹானர்ஸுக்குக் கிடைக்கற எக்ஸ்ட்ரா பாயின்ட்டும் 8 செமஸ்டரோட நின்னுடும். அதனால ஸ்கூல் ட்ரான்ஸ்க்ரிப்ட்ல (மார்க் ஷீட்ல) ரெண்டு பேருக்கும் தெரியற வித்தியாசம் யூசி கணக்குல காணாமலே போயிருக்கலாம்.

அடுத்தது மேஜர், அதாவது அங்க எடுத்துப் படிக்கப் போற முக்கியப் பாடம். அந்தப் பையன் இன்ஜினியரிங் கேட்டானா, அந்தப் பொண்ணு வேற ஏதாவது கேட்டாளான்னு தெரியாம ரெண்டு பேரையும் ஒப்பிடவே கூடாது. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங்ல போட்டியே வேற. சரி, சுலபமான மேஜர்ல உள்ள போய் அப்புறம் மாத்திக்கலாம்னு சில பேர் ஐடியா கொடுப்பாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க, பல கேம்பஸ்ல அப்படி மாத்தறது ரொம்பக் கஷ்டம், பிடிக்காத படிப்புல புள்ள மாட்டிக்கும்.

எஸ்ஏடி (காலேஜ் அட்மிஷனுக்கான பொதுத் தேர்வு) கோச்சிங்குக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி லிஸ்ட்ல எந்தெந்த யூனிவர்சிட்டி இருக்குன்னு பாருங்க. யூசி அந்த ஸ்கோரை செலக்‌ஷனுக்குப் பார்க்கறதே இல்ல. ஆனா டெக்சஸ்ல யூடி ஆஸ்டின் யூனிவர்சிட்டில 2025-ல சேர்ற பசங்கள்லேருந்து டெஸ்ட் ஸ்கோர் வேணும்னு திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. அங்க முறையே வேற, 1997-ல போட்ட சட்டப்படி அந்த ஸ்டேட் ஸ்கூல்ல க்ளாஸ் ரேங்க்ல முன்னணில இருக்கறவங்களுக்கு நேரடி அட்மிஷன் உண்டு, அப்பவும் கேட்ட மேஜர் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல.

எழுதற பகுதிக்கு வரேன். யூசில 8 கேள்வி கொடுத்து 4-க்கு பதில் கேப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் 350 வார்த்தைதான். இங்க அலங்காரமா எழுத வேண்டாம், ரீடருக்கு ஒரு அப்ளிகேஷனுக்குக் கிடைக்கறது சில நிமிஷம், கதை சூடு பிடிக்கறதுக்குள்ள வார்த்தையே முடிஞ்சுடும். அவ என்ன செஞ்சா, ஏன் செஞ்சா, அதனால என்ன மாறிச்சு, இது நேரா வரணும். வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லாம ஒரு செமஸ்டர் கிரேடு விழுந்திருந்தா அதையும் சொல்லணும், சொல்லலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதிக் கொடுக்காதீங்க, ஆக்டிவிட்டியைப் பெருசாக்கியும் போடாதீங்க, சில பேரைத் தேர்ந்தெடுத்து ஆதாரம் அனுப்பச் சொல்லுவாங்க, அனுப்பலன்னா அப்ளிகேஷனையே ரத்து பண்ண முடியும்.

இப்போதைக்கு ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட உக்காந்து ஏ-ஜி லிஸ்ட்டைச் சரிபார்த்து 12-ஆவதுக்கு கோர்ஸைப் பிடிங்க, நல்ல மேத்ஸ் ஒண்ணு கட்டாயம் இருக்கட்டும். அட்மிஷன் லெட்டர் வந்தாலும் அது நிபந்தனையோடதான் வரும், 12-ஆவது கடைசி கிரேடு மோசமா விழுந்தா கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கிக்குவாங்க.