முண்டாசும் பிளாட்பாரமும்

ஐயா, வணக்கம்.

சென்ற வாரம் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். அந்தத் தூண்களைத் தவிர பழைய களை எதுவும் மிச்சமில்லை. டிக்கெட் வரிசையில் ஒரு பையன் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றான். என் சிறு வயதில் ஸ்டேஷன் மாஸ்டர் எதிரே வந்தால் போர்ட்டர் முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வார். என் தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாகத்தான் ரயில் ஏறுவார். ஸ்டேஷனோடு அந்த மரியாதையும் போய்விட்டதே என்று மனசு ஆறவில்லை. இதைப் பற்றி எழுதுங்கள்.

வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டேஷன் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் அது. பம்பாயில் மூன்று வருஷம் முன்பே ரயில் விட்டுவிட்டார்கள். ஆனால் அங்கே போரி பந்தரிலும் தாணேவிலும் அன்று கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. நம் ராயபுரம் நிற்கிறது. 1873-ல் சென்ட்ரல் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இதன் மவுசு குறைந்தது. 2005-ல் புதுப்பித்துத் திறந்தார்கள், சந்தோஷம்தான். ஆனால் பெயின்ட் அடித்தால் மட்டும் ஸ்டேஷன் பிழைத்துவிடாது. வண்டி நிற்க வேண்டும், ஆட்கள் ஏறி இறங்க வேண்டும். இதைச் சென்னையின் மூன்றாவது முனையமாக்கச் சொல்லி வடசென்னைக்காரர்கள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். தாம்பரத்துக்குத்தான் கொடுத்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

முண்டாசு விஷயத்தில் மட்டும் உங்களோடு சேர முடியவில்லை.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு தலைகள் இருக்கின்றன. தாத்தாவின் தலைப்பாகை கடைசிவரை தலையிலேயே இருந்தது. போர்ட்டரின் முண்டாசு அவிழ்ந்தது. அதே பிளாட்பாரம், அதே ஸ்டேஷன் மாஸ்டர்.

வெள்ளைக்காரர் வழக்கப்படி கூரைக்குள் வந்தால் ஆண்பிள்ளை தொப்பியைக் கழற்ற வேண்டும், பூட்ஸ் காலிலேயே இருக்கலாம். நம் பெரிய மனிதர்களுக்கு நேர் எதிர். செருப்பு வாசலோடு சரி, தலைப்பாகை தலையில் இருந்தாக வேண்டும். சபைக்கு வெறுந்தலையோடு போனால்தான் அவமதிப்பு. 19ஆம் நூற்றாண்டில் கோர்ட்டிலும் தர்பாரிலும் இதை வைத்தே சச்சரவுகள் நடந்திருக்கின்றன. போர்ட்டருக்கு இந்த இரண்டு வழக்கத்திலும் இடம் கிடையாது. தலையில் இருப்பதை இறக்கு, தோள் துண்டைக் கக்கத்தில் வை, செருப்பைக் கையில் எடு என்று ஊரில் சாதி போட்ட சட்டம் அவர் கூடவே பட்டணத்துக்கும் வந்துவிட்டது. ராயபுரத்தின் தொடக்க நாளிலேயே பாருங்கள். கவர்னர் ஹாரிஸ் பிரபுவும் 300 ஐரோப்பியர்களும் ஒரு ரயிலில் வாலாஜா பக்கம் போனார்கள். கம்பெனியில் வேலை பார்த்த இந்தியர்களுக்கு வேறு ரயில், திருவள்ளூர் வரைக்கும்.

அந்த முண்டாசைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். வண்டி வந்து நிற்பதற்குள் அதை அவிழ்த்து, உதறி, முறுக்கி, வட்டமாகச் சுருட்டிச் சும்மாடாக உச்சந்தலையில் வைப்பார். அதன்மேல் டிரங்குப் பெட்டி, அதற்கும் மேல் படுக்கைச் சுருள். இறக்கி வைத்ததும் அதே துணியில் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். கூலிக் காசை முடிந்துகொள்வதும் அதன் முனையில்தான். துரைமார் போட்ட சோலா தொப்பியும் (மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிறோமே, அந்த நெட்டியில் செய்ததுதான்) வெயிலுக்காக வந்ததே. ஒரு துரை தொப்பியை எடுத்தால் எதிரே வரும் துரையும் பதிலுக்கு எடுப்பார். முண்டாசை அவிழ்த்த போர்ட்டருக்கு அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தன் தொப்பியைத் தொட்டாவது காட்டினாரா? ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அதை மரியாதை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நிஜமான மரியாதை எங்கேயும் போய்விடவில்லை. ராயபுரத்திலேயே இருக்கிறது. அரத்தூன் சாலையில் 1910-ல் எழுந்த பார்சி அக்னி கோயிலுக்குள் தலையை மூடாமல் போகமாட்டார்கள். புனித இராயப்பர் ஆலயத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், பெண்கள் முக்காடு போட்டுக்கொள்வார்கள். தொழுகைக்குப் போகிறவர் சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்து வைத்துக்கொள்கிறார். அம்மன் கோயில் வாசலில் தோள் துண்டு இடுப்புக்குப் போகிறது. இதையெல்லாம் யாரும் மிரட்டிச் செய்ய வைக்கவில்லை.

அந்தப் பையனும் வரிசையில்தான் நின்றான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முந்தவில்லை, யாரையும் இடிக்கவில்லை. தொப்பி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன? ராயபுரத்தில் ஏறுகிற ஒரு பயணி அவன். அவனைப் போல் நூறு பேர் தினமும் வந்தால்தான் நாம் இருவரும் ஆசைப்படுகிற ஸ்டேஷன் நமக்குக் கிடைக்கும்.

அங்கே கூடுதலாக வண்டிகள் நிற்க வேண்டும் என்று ரயில்வேக்கு ஒரு மனு எழுதுங்கள். உங்களுக்கு அடுத்த கையெழுத்து என்னுடையது. அந்தப் பையனிடமும் ஒன்று வாங்கிவிடுவோம்.

அன்புடன்.