காகித மையவிலக்கி: பிளாஸ்மா சிவப்பாக வருவதும் வட்டு ஆடுவதும்

ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானி மனு பிரகாஷின் குழு 2017-இல் வெளியிட்ட காகித மையவிலக்கியை, அதாவது நூலை இழுத்துச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் காகித வட்டைச் செய்ததில் வட்டு ஆடுகிறது, இரண்டு நிமிடம் சுழற்றியும் பிளாஸ்மா (செல்கள் பிரிந்தபின் மிஞ்சும் திரவம்) இளஞ்சிவப்பாகவே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இவை தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் நிறம். செல்கள் ஒரு முனையில் அடர்ந்து, எல்லைக்கோடு தெளிவாகத் தெரிந்தும் பிளாஸ்மா சிவப்பு என்றால், சிவப்பணுக்கள் உடைந்து அவற்றின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபின் கசிந்திருக்கிறது. எவ்வளவு சுழற்றினாலும் அது போகாது. காரணம் பெரும்பாலும் விரல் நுனியில்தான்: ஸ்பிரிட் உலருமுன் குத்துவது, ரத்தம் வர விரலைப் பிழிவது. நன்றாக உலரவிடுங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் அடுத்த துளியை ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) பூசிய கேபிலரியில், அதாவது மெல்லிய நுண்குழாயில் எடுங்கள். எல்லைக்கோடே மங்கலாக இருந்தால்தான் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு: நூல் துளைகள் இரண்டும் மையத்திலிருந்து சம தூரத்தில் இருக்கட்டும். கேபிலரியை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ஆடத்தான் செய்யும். எதிர்ப்பக்கம் அதே அளவு தண்ணீர் நிரப்பிய இன்னொன்றை வையுங்கள். அடைத்த முனை விளிம்பை நோக்கி. கண்ணாடி வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் கேபிலரிதான். அதையும் முனை மூடிய உறிஞ்சுகுழலுக்குள் செருகி ஒட்டுங்கள். கசிந்தால் ரத்தம் முகத்தில் தெறிக்கும்.

அந்தக் குழு சொன்ன நிமிடத்துக்கு 1,25,000 சுற்று என்ற எண்ணைத் துரத்தாதீர்கள். அது மிகச்சிறிய வட்டில் கிடைத்தது. 50 மி.மீ. ஆர வட்டுக்கு 20,000 அளவே. பிளாஸ்மா பிரிய ஒன்றரை நிமிடம் போதும். மலேரியா ஒட்டுண்ணி தேடுவதானால் 15 நிமிடம் சுழற்ற வேண்டும், கூடவே அக்ரிடின் ஆரஞ்சு சாயமும் ஒளிர்வு நுண்ணோக்கியும் தேவை.