பேசி முடித்த ரேட் ஏன் நிற்கவில்லை?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பா ஒரு பெல்ட் வண்டி வைத்து நெல் அறுவடைக்கு ஓட்டுகிறார். இந்தத் தையில் சுற்றுவட்டாரத்தில் வண்டி வைத்திருக்கும் 11 பேரும் கூடி, மணிக்கு 2,800 ரூபாய்க்குக் குறைத்து யாரும் ஓட்டக்கூடாது என்று பேசி முடித்தார்கள். பத்து நாள்கூடத் தாங்கவில்லை, ஒவ்வொருவராக 2,500-க்கு இறங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் சொன்ன சொல்லில் நின்றார், வண்டியும் பாதி நாள் சும்மா நின்றது. நம் ஆட்களுக்கு ஒற்றுமையே வராதா?

அன்புள்ள தம்பி,

அப்பா ஏமாளி இல்லை. மற்ற பத்துப் பேரைத் துரோகிகள் என்றும் நான் சொல்ல மாட்டேன். டீசல், டிரைவர் படி, தேய்மானம் எல்லாம் சேர்த்து மணிக்கு 1,300 செலவு என்று வைத்துக்கொள்வோம். 2,800 ரேட்டில் மணிக்கு 1,500 நிற்கும். வேலையைப் பங்கு போட்டு நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 9,000. சத்தமில்லாமல் 2,500-க்கு ஒத்துக்கொள்கிறவருக்கு 10 மணி நேரம் கிடைக்கும், அவர் கையில் 12,000. ரேட்டை எவ்வளவு ஏற்றிப் பேசுகிறீர்களோ அவ்வளவுக்கு அதை மீறுவதிலும் காசு இருக்கிறது. 1,500 என்று பேசியிருந்தால் இறங்க யாருக்கும் மனசே வந்திருக்காது, ஆனால் அதற்கு எதற்குக் கூட்டம்?

சீசனோ சில வாரம்தான், வண்டிக் கடன் தவணை காத்திருக்காது, போதாததற்கு நாம் இறங்காவிட்டால் அடுத்தவர் இறங்கிவிடுவார் என்ற பயம் வேறு. மீறினால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒன்றரை மணி நேரம் ஓடியதை நோட்டில் ஒன்றேகால் என்று எழுதிவிட்டால் ரேட் அதே 2,800-தான், விவசாயி கொடுத்தது மட்டும் குறைவு. அப்புறம், இங்கே ரேட் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் வெளி மாவட்டத்து வண்டிகள் லாரியில் வந்து இறங்கும், அவர்கள் உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களே இல்லையே.

உங்கள் அப்பா நின்ற இடத்தில் ஒரு நாடே நின்றிருக்கிறது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கில் 1980-களின் முதல் பாதியில் ஆளுக்கு இவ்வளவுதான் எடுக்க வேண்டும் என்று பேசியும் பலர் கூடுதலாக எடுத்து, மறைமுகமாகத் தள்ளுபடி கொடுத்து விற்றார்கள். வட கடல் எண்ணெயும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. விலையைத் தாங்க சவுதி அரேபியா தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே போனது: 1980-ல் நாளுக்கு ஏறக்குறைய 1 கோடி பீப்பாய் எடுத்த நாடு, 1985 ஆகஸ்டில் 25 லட்சத்துக்கும் கீழே. கடைசியில் பொறுமை போய்க் குழாயைத் திறந்துவிட்டார்கள், 1986-ல் விலை 10 டாலர் பக்கம் விழுந்தது. அத்தனை பணமும் அதிகாரமும் இருந்தவர்களாலேயே முடியவில்லை, 11 வண்டிக்காரர்களை எதற்குத் திட்டுவது!

சட்டமும் இந்த ஓட்டையைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. போட்டிச் சட்டம், 2002 இப்படிக் கூடி விலை வைப்பதைத் தடுக்கிறது, கூட்டில் இருந்தவரே முதலில் வந்து முழு விவரத்தையும் கொடுத்தால் அவருடைய அபராதத்தை முழுவதுமாகக்கூடக் குறைக்க வழி வைத்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பேச்சும் அந்தத் தடைக்குள் வருவதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், அந்த ரேட் உடைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், சாகுபடி செய்கிறவர், மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் கதிரை வைத்துக்கொண்டு, எந்த வண்டியைக் கூப்பிட்டாலும் ஒரே ரேட் என்றால் எங்கே போவார்? சாய்ந்த பயிருக்கு மணியும் கூடுதலாக ஓடும்.

அடுத்த தைக்கு அப்பாவைக் கூட்டத்துக்குப் போகவிடாதீர்கள். தன் செலவைப் பார்த்துத் தன் ரேட்டை அவரே வைக்கட்டும், வழக்கமாகக் கூப்பிடுகிறவர்களிடம் மார்கழியிலேயே சொல்லி வைக்கட்டும். சொன்ன சொல்லில் நிற்கிறவர் என்று இப்போது ஊருக்கே தெரியும், ஓடிய மணியைச் சரியாக எழுதுவார் என்று நம்பி முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.