சாம்பலை அள்ளுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வடகடற்கரையில் எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் கட்டிய கோயிலை நேற்று முன்தினம் காட்டுத்தீ எரித்துவிட்டது. தகரக் கூரையும் ஒட்டியிருந்த தமிழ்ப் பள்ளி அறையும் போயின. கருவறைச் சுவர்கள் மட்டும் கரியேறி நிற்கின்றன. அவற்றை இடித்துவிட்டுக் கருங்கல்லில் கட்டுவதென முடிவெடுத்த ஆலயக் குழு, சனிக்கிழமைக்கு லாரி பேசியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து எந்த ஸ்தபதியை அழைக்கலாம்? இது தெய்வக் குற்றமோ என்றும் சிலர் அஞ்சுகிறார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இதை உங்களுக்கு உடனே தனியாகவும் அனுப்பிவிட்டேன். தெய்வக் குற்றம் என்ற பேச்சை விடுங்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீ வரும். ஸ்தபதிக்கும் இப்போது அவசரமில்லை. என்னைக் கலக்கியது அந்த லாரிதான்.

எனக்குப் பதினொரு வயதானபோது கரும்புக் காட்டுத் தீ திரும்பி எங்கள் தமிழ்ப் பள்ளியை எரித்தது. பெரியவர்கள் மறுநாளே எல்லாவற்றையும் வாரி ஓடையோரம் கொட்டினார்கள். அந்தக் குவியலிலிருந்து என் ஆயா ஒரு வருகைப் பதிவேட்டை எடுத்தார். அட்டை கருகியிருந்தது, ஆனால் நனைந்து ஒட்டிய தாள்களில் பென்சிலால் எழுதிய பெயர்கள் தெரிந்தன, அவற்றுள் சிறுவயதில் இறந்த அவருடைய தம்பியின் பெயரும் ஒன்று. வெயிலில் வைத்தோம். மூன்றாம் நாள் பூஞ்சை பூத்து, பிரிக்கப் பிரிக்கக் கூழாக வந்தது. நெருப்புக்குத் தப்பிய பெயரை நாங்கள்தான் தொலைத்தோம்.

2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மவுண்டன் சரிவில் பரவிய தீ, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலக வாசிப்பறையை எரித்தது. தீத்தடுப்புக் கதவுகள் காத்த நிலவறைச் சேகரிப்புகளையோ, அணைக்க இறைத்த நீர் நனைத்தது. நூற்றுக்கணக்கானோர் அவற்றைப் பெட்டி பெட்டியாக வெளியே சுமந்தார்கள், நனைந்தவற்றை உறையவைத்தார்கள். ஈரத்தாளில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை பிடிக்கும், உறைந்த தாளோ மாதக்கணக்கில் காத்திருக்கும். இதை என் ஆயாவுக்குச் சொல்ல அன்று யாருமில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

சுவரை இடிக்க உங்கள் குழுவுக்கு யார் உரிமை கொடுத்தது? அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதியின்றி இடிக்கக் கூடாது என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பொறுப்பில் இருப்பவர்கள் இதைக்கூட விசாரிக்கவில்லை என்றால் எனக்குக் கோபம் வராதா? கரியை நீர்விட்டுக் கழுவாதீர்கள், உள்ளே இறங்கிவிடும். உலர்ந்த பஞ்சால் ஒற்றியெடுங்கள். சுண்ணாம்புச் சுவரின் விரிசலில் சிமெண்ட் அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்றுவிடும்.

டர்பன் நகரின் உம்பிலோக் கோயிலை 1905-இல் வெள்ளம் அழித்தது. ஆனால் அதன் செதுக்கு மரக்கதவுகள் மீட்கப்பட்டன. 1947-இல் அதே நகரின் கேட்டோ மேனரில் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தில் அவை இடம்பெற்றன. அந்தக் கதவுகளை அன்று யாராவது விறகென்று எண்ணியிருந்தால்?

ஆகவே இன்றே எல்லாவற்றையும் படமெடுங்கள். கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துச் சாம்பலையும் மாவுச் சல்லடையில் சலியுங்கள். மணியின் நாக்கும் விளக்கின் தண்டும் அதில் கிடைக்கலாம். பதிவேடுகளைப் பிரிக்காமல் மெழுகுத்தாளில் சுற்றி, ஊர் மீன்கடைக்காரரின் உறைபெட்டியில் இடம் கேளுங்கள். லாரிக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும்.